உரிமையாளர் கையொப்பமிடாத பள்ளிவாசல்

வியாழன், மாலை 5.40

குர்லாவின் லோக்மான்ய திலக் முனையத்தில் இறங்கினேன். கோயம்புத்தூரிலிருந்து ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். வண்டி ஐம்பது நிமிடம் தாமதம். அதற்கு வருந்துவதாக ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் சொன்னது. முப்பத்தோரு ஆண்டுகள் அலுவலகத்தில் இருந்தவன் என்ற முறையில், வருத்தம் தெரிவிக்கவென்றே ஒரு குரலைப் பதிவுசெய்து வைத்துக்கொள்வது எவ்வளவு வசதி என்று நினைத்தபடி வெளியே வந்தேன்.

மும்பை எனக்குப் புதிய ஊர் இல்லை. மாட்டுங்காவில் இருபது ஆண்டுகள் குடியிருந்து, இங்கேயே ஓய்வு பெற்று, பிறகுதான் கோவைக்குப் போனேன். ஆனால் இந்தப் பயணம் நான் ஒருமுறைகூடப் போகாத ஓர் இடத்துக்கு. மாட்டுங்காவில் நான் இருந்த வீட்டிலிருந்து அது மூன்று கிலோமீட்டர்.

தாராவிக்கும் மாஹிமுக்கும் நடுவே, கழிமுகத்தை ஒட்டிய பழைய சந்து ஒன்றில் சிறிய கல் பள்ளிவாசல் இருக்கிறது. மும்பை தனித்தனித் தீவுகளாகக் கிடந்த சுல்தான்கள் காலத்தில் கடலோடிகள் கட்டியது என்கிறார்கள். கல்வெட்டு கிடையாது. வளைவின் வேலைப்பாட்டைப் பார்த்து, படித்தவர்கள் அதை ஒப்புக்கொள்கிறார்கள். பிற்காலத்தில் தோல் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் அங்கே தொழ ஆரம்பித்து, இன்று நிர்வாகமும் அவர்களிடம் இருக்கிறது. இப்போது அந்தக் கட்டிடத்தில் பழையது என்று மிஞ்சியிருப்பது மேற்குச் சுவர் ஒன்றுதான். அந்தச் சுவரை வைத்துக்கொள்வதா, இடித்துவிட்டு நான்கு மாடிக்குப் புதிதாகக் கட்டுவதா என்பதை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கமிட்டி கூடி முடிவு செய்யப்போகிறது.

கமிட்டியின் செயலாளர் மைதீன் பாய் தோல் பைப் பட்டறை வைத்திருப்பவர். ஏப்ரலில் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார்.

"சார், நீங்க அந்த ஆபீஸ்ல இருந்தீங்கன்னு கேள்விப்பட்டோம். ரூல் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் வந்து சொன்னா கமிட்டி கேக்கும். எப்படியாவது சுவர காப்பாத்தணும். வந்துருங்க சார்."

வருகிறேன் என்றேன். அவரிடம் சொல்லாத ஒன்றை வாசகரிடம் சொல்லிவிடுகிறேன். பழைய கட்டிடங்களைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பதும், அவற்றைப் பழுதுபார்க்க அனுமதி தருவதும் எங்கள் அலுவலகத்தின் வேலை. எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. என்னைப் போன்றவர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பள்ளிவாசலின் விண்ணப்பம் என் மேசைக்குத்தான் வந்தது. பதினான்கு இணைப்புகளும் வரிசையாக இருந்தன. ஆனால் படிவத்தில் 'உரிமையாளர் பெயர்' என்ற கட்டத்தில், அழகான கையெழுத்தில், 'அல்லாஹ்' என்று எழுதியிருந்தார்கள். முகவரிக் கட்டம் காலி.

பள்ளிவாசல் வக்ஃப் சொத்து. இறைவனுக்கென்று விட்டுவிட்ட இடத்துக்கு மனிதர் யாரும் உரிமையாளர் ஆக முடியாது. படிவத்தை நிரப்பியவர் உண்மையைத்தான் எழுதியிருந்தார். இப்படிப்பட்ட சொத்துகளுக்கு நிர்வாகியான முத்தவல்லி கையெழுத்திட்டால் போதும் என்று எங்கள் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்கு அது மனப்பாடம். தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். நான் குறிப்புத்தாளில் எழுதியது இது: 'உரிமையாளரின் கையொப்பமும் முகவரிச் சான்றும் இணைக்கப்படவில்லை. திருப்பி அனுப்பலாம்.' தேநீர் இடைவேளையில் எங்கள் பிரிவே அதைப் படித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆட்டோ மீட்டர் ஐம்பத்தொரு ரூபாய் காட்டியபோது செம்பூரில், பெரியம்மா மகன் கணேசன் வீட்டு வாசலில் இருந்தேன். பெட்டிக்குள், இம்முறை எந்தக் குறையும் கண்டுபிடிக்க முடியாதபடி நானே நிரப்பிய புதிய படிவம் இருந்தது.

வெள்ளி, காலை 8.15

கணேசன் இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தான்.

"தாராவிக்கா? மாட்டுங்கால இருபது வருஷம் இருந்தே. ஒரு நாள் அந்தப் பக்கம் போனது கிடையாது. இப்போ என்னடான்னா கோயம்புத்தூர்லேர்ந்து ரிசர்வேஷன் பண்ணிண்டு வந்து போறே."

"அப்போ வேலை இருந்தது."

"அப்போ அதுதானேடா உன் வேலை."

அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். சட்னி கேட்டேன்.

செம்பூர் நிலையத்தில் பத்து ரூபாய் டிக்கெட். ஹார்பர் பாதையில் திலக் நகர், குர்லா, சுனாபட்டி, குரு தேக் பகதூர் நகர், வடாலா. வடாலாவில் இறங்கி மாஹிம் போகும் வண்டிக்கு மாற வேண்டும். சுனாபட்டியில் ஏறிய ஒரு பெண், தலையில் இருந்த கூடையை என் முழங்காலுக்கும் கம்பிக்கும் நடுவே லாவகமாக இறக்கிவிட்டு, என் சட்டைப்பையில் இருந்த மூக்குக் கண்ணாடியைப் பார்த்து, "அண்ணாச்சி, வாசல்ல நிக்காதீங்க. வடாலால ஏறுற கூட்டம் உங்கள மறுபடி கோயம்புத்தூருக்கே தள்ளிரும்" என்றார். நான் கோவை என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பை மேல கடைப் பேரு எழுதிருக்குல்லா" என்றார். முப்பத்தோரு ஆண்டுகள் இணைப்புகளைச் சரிபார்த்த எனக்கு, என் தோளில் தொங்குவது என்ன என்று அதுவரை தெரியவில்லை.

வடாலாவில் பதினெட்டு நிமிடம் காத்திருந்து அடுத்த வண்டி. கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டும்போது மாட்டுங்காவின் மரங்கள் தெரிந்தன. என் பழைய வீடு அங்கே எங்கோ இருந்தது. அடுத்த நிலையம் மாஹிம். நான்கு நிமிடம்.

காலை 10.05

மாஹிம் நிலையத்தின் கிழக்கு வாசலில் மைதீன் பாய் காத்திருந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளிக்கிழமைக்கான வெள்ளை ஜிப்பா. விரல் நகங்களில் மட்டும் தோல் சாயத்தின் பழுப்பு. கையைப் பிடித்துக்கொண்டவர் சந்து முடியும்வரை விடவில்லை. முதலில் மரியாதை என்று நினைத்தேன். தரை வழுக்கும் என்பதால் என்று பிறகு புரிந்தது.

வழியில் கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் தேநீர், பத்து ரூபாய். என்னைக் கொடுக்க விடவில்லை. இருபுறமும் வீடுகளின் மேல் வீடுகள், அவற்றின் மேல் தகரம், தகரத்தின் மேல் இன்னொரு அறை, அதற்கு வெளியிலிருந்து சாத்திய இரும்பு ஏணி. நான் அண்ணாந்து பார்ப்பதைக் கவனித்தார்.

"இதுல ஒண்ணுக்கும் பேப்பர் கெடையாது சார். காலைல கம்பி வரும், சாயங்காலம் ஏணி சாத்திருவாங்க. எவன்ட்டயும் கேக்குறதில்ல. கேட்டா நடக்குமா?"

"நடக்காது" என்றேன். அதிகாரபூர்வமான பதில்.

பள்ளிவாசல் ஒரு திருப்பத்தில் திடீரென்று வந்தது. முன்புறம் இரும்புத் தூண்களும் தகரக் கூரையும்; எந்தக் கிடங்குக்கும் பொருந்தும் தோற்றம். செருப்பைக் கழற்றி உள்ளே போனேன். மேற்கே அந்தச் சுவர் நின்றது.

கருங்கல். முப்பத்திரண்டு அடி நீளம், பதினோரு அடி உயரம். நடுவில் மிஹ்ராப், அதாவது தொழுகை நடத்தும் இமாம் முன்னால் நிற்கிற குழிந்த மாடம். அதன் வளைவில் கொடி ஓடி இரண்டு பக்கமும் இறங்குகிறது. உச்சியிலிருந்து கல்லிலேயே ஒரு சங்கிலி, சங்கிலியின் முனையில் கல்லிலேயே ஒரு விளக்கு. எரியாத அந்த விளக்கின் அடியில் உளிக்காரன் ஒரு சிறு பூவை யாருக்கும் தெரியாமல் செதுக்கியிருக்கிறான், குனிந்தால்தான் தெரியும். குனிந்தேன். அலுவலகத்துக்கு வந்த புகைப்படத்தில் இது ஒரு கறுப்புக் கட்டம். நேரில் பார்வையிட வேண்டும் என்று விதியில் இல்லாததால் நான் பார்வையிட்டதில்லை.

இடுப்பு உயரம்வரை சுவரில் அன்பு மிக்கவர்கள், விண்ணப்பம் கொடுப்பதற்கு முந்தைய ஒவ்வொரு ரமலானிலும் சிமெண்ட் பூசி, பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கல்லுக்குள் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்பாகப் பூத்து, விரல் பட்டால் கல் பொலபொலவென்று உதிர்கிறது. தரையில், சுவருக்கு இணையாக இல்லாமல் சற்றுச் சாய்வாக, ஒட்டு நாடாவால் வரிசைகள் போட்டிருந்தார்கள். தொழுகிறவர்கள் நோக்க வேண்டிய திசையான கிப்லாவிலிருந்து சுவர் கொஞ்சம் பிசகியிருப்பதாகக் கைபேசித் திசைகாட்டி சொல்கிறதாம். இத்தனை நூற்றாண்டுத் தொழுகையை அது கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பவில்லை, அவ்வளவு பெருந்தன்மை அதற்கு இருந்தது.

ஏணியின் மேலிருந்து ஒரு குரல். "வாப்பா, அந்த டார்ச்ச குடுங்க. சார், குட் மார்னிங். ஒரு செகண்ட், வர்றேன்."

மைதீன் பாயின் மகள் ஃபர்ஸானா. கட்டிடக் கலை படித்தவள், பழைய கட்டிடங்களைச் சீர்செய்யும் ஓர் அலுவலகத்தில் வேலை. தலைமுக்காட்டின் மேல் மஞ்சள் நிறப் பாதுகாப்புத் தொப்பி. சுவரின் உச்சியில் வரிசையாக ஐந்து பெரிய ஓட்டைகளுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் தேக்கு உத்தரம் இருந்த ஜகா சார். மரக் கூரை. அடியில ஃபுல்லா தாமரை கார்விங். ஸ்கூல் படிக்கும்போது பாத்திருக்கேன். எண்ணிட்டே இருப்பேன், தொழ மாட்டேன். வாப்பா அடிப்பாங்க."

"கூரை எப்படிப் போச்சு?" என்று கேட்டேன்.

தந்தையும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மைதீன் பாய்தான் சொன்னார்.

"அப்ளிகேஷன் குடுத்தோம்லா சார், அந்த வருஷம் மழைக்கு ஒழுக ஆரம்பிச்சுட்டு. பட்டறைப் பயலுவ தார்ப்பாய எடுத்துக்கிட்டு மேல ஏறிட்டானுவ. ஹாஜியார்தான் கீழ எறக்கிவிட்டாரு. எங்க தலைவர். ரசீத காட்டுனாரு. அதுல சீல் போட்டிருந்துச்சு."

முத்திரையின் வாசகத்தை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'முடிவு தெரியும்வரை கட்டிடத்தில் எவ்வித மாற்றமும் செய்யக்கூடாது.' விண்ணப்பம் கொடுத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக இடிப்பவர்களுக்காகச் செய்த ரப்பர் முத்திரை அது. எல்லா ரசீதிலும் குத்துவோம்.

"இந்தச் சந்துல ஒருத்தன் எதுக்கும் பெர்மிஷன் கேட்டது கெடையாது சார். ஆனா ஹாஜியார் சொன்னாரு, நம்ம வீட்டுக்கு நோட்டீஸ் வந்தா பாத்துக்கலாம், அல்லாட வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வரப்படாதுன்னு. சரின்னுட்டோம். காத்திருந்தோம். அப்புறம் அப்ளிகேஷன் திரும்பி வந்துச்சு, ஓனர் கையெழுத்து வேணும்னு. அதுக்கு நாங்க எங்க போவோம்? மார்க்கம் படிச்ச ஆலிம்ட்ட கேட்டோம். அந்தக் கட்டத்துல எந்த மனுசனும் கையெழுத்துப் போட முடியாதுன்னுட்டாரு. திரும்பி வந்தது முடிவு இல்லல்லா, சீலு அப்படியே நின்னுட்டு. அடுத்த வருஷ மழைல, லுஹர் தொழுகை முடிஞ்சு எல்லாரும் போன பெறவு, மொத்தமா கீழ வந்துட்டு. ஒரு உசுருக்கும் சேதமில்ல, அல்ஹம்துலில்லாஹ்."

தகரக் கூரை சுவரைத் தொடாமல் இரண்டடி முன்னாலேயே நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். அந்த இடைவெளி வழியாக வானம் தெரிந்தது. மழை நேராகச் சுவரின் தலையில் விழும்.

"அது ஏன் அப்படி?"

"சுவத்துல ஆணி அடிச்சா அது மாற்றம்லா சார்" என்றார்.

என் விதிப் புத்தகத்தில் பன்னிரண்டாம் விதி, நான்காம் உட்பிரிவு: மழைக்காப்புக்காகத் தற்காலிகமாகப் போடும் மூடுதலுக்கு அனுமதி தேவையில்லை. அன்றும் அது இருந்தது. ரசீதின் பின்புறம் அதை அச்சிடலாம் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தபோது, இடம் போதாது என்று குறிப்பு எழுதியவன் நான்.

காலை 11.30

ஃபர்ஸானா இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் உறையைத் திறந்தாள்.

"ஆர்.டி.ஐ. போட்டேன் சார். பத்து ரூபா. ஃபைல் நோட்டிங் எல்லாம் குடுத்துட்டாங்க."

ஜெராக்ஸ் தாள். என் கையெழுத்து, என் வாக்கியம், ஓரத்தில் என் சுருக்கொப்பம். அன்று சிரித்தவர்களில் ஒருவர் அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு ஆச்சரியக்குறி போட்டிருந்தார். அதுவும் நகலில் தெளிவாக விழுந்திருந்தது.

"இந்த இனிஷியல் யாரோடதுன்னு கண்டுபிடிக்க நாலு மாசம் ஆச்சு" என்றாள். குரலில் கோபம் இல்லை. அளவெடுத்தவள் அளவைச் சொல்வது போல இருந்தது.

மைதீன் பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுதான் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"வேற யாரையும் தெரியாதுலா சார்."

தலைவருக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

"காட்டல" என்றாள் ஃபர்ஸானா. "தார்ப்பாய எறக்குனது அவர் இல்லியா. ஆல்ரெடி அவரு இந்தச் சுவத்தப் பாத்து உக்கார மாட்டாரு. தூணுக்குப் பின்னாடிதான் தொழுவாரு."

மதியம் 1.20

ஜும்ஆ. என்னை வெளிவராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பயான் என்கிற சொற்பொழிவு தமிழில் இருந்தது. உள்ளே இடம் நிறைந்து, சந்தில் பாய் விரித்து, பாய் தீர்ந்தபின் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, முனையில் நிற்கும் டெம்போவின் சக்கரம்வரை ஆட்கள். மே மாத வெயிலில் அவர்கள் நெற்றி வைத்த தார் சுட்டிருக்க வேண்டும். நான்கு மாடி கேட்பவர்களை மூடர்கள் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அந்த வசதியும் போயிற்று.

பகல் 2.30

பக்கத்து மதரஸாவின் மாடி அறையில் கமிட்டி கூடியது. பன்னிரண்டு பேர். தலைவர் ஹாஜியார் எழுபதைத் தாண்டியவர், மெலிந்த உருவம், மடியில் கைகள். ரூஹ் அப்ஸா சர்பத் கலந்த பால் வந்தது. மைதீன் பாய் என்னை அறிமுகப்படுத்தியபோது, என் பழைய பதவியை மட்டும் சொன்னார், மற்றதைச் சொல்லவில்லை.

"சார், நீங்களே பாத்தீங்க" என்றார் ஹாஜியார். "பாதி ஜனம் ரோட்டுல. மழைக் காலத்துல நனைஞ்சுக்கிட்டே நெத்திய தரையில வச்சு சுஜூது செய்யுதாங்க. அந்தச் சுவர் எங்களுக்கு வேண்டாம்னு இல்ல. மைதீன் சொல்லுதாரு, மறுபடி அப்ளிகேஷன் போட்டா சுவரையும் வச்சு, பின்னால கட்டவும் பெர்மிஷன் கெடைக்கும்னு. எத்தன மாசம் ஆகும்?"

மூன்று மாதம் என்று சொல்லியிருக்கலாம். என் பணிக்காலத்தில் நூற்றுக்கணக்கான பேரிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். அவர்களும் நம்புவதுபோல் எழுந்து போயிருக்கிறார்கள். மைதீன் பாயின் கண் என் வாயில் இருந்தது.

"ஒரு குறையும் சொல்லாம போனா பதினாலு மாசம். பின்னால கட்ட அது வந்தப்புறம் தனியா ஒரு அனுமதி. ரெண்டு மழை போயிடும்" என்றேன்.

ஜன்னல் ஓரத்தில் இருந்தவர் சிரித்தார். "போன தடவ காத்திருந்து கூரைய குடுத்தோம். இந்தத் தடவ சுவரையும் குடுத்துட்டு சும்மா இருக்கலாம்."

"சட்டத்துக்குக் கட்டுப்பட்டோம்" என்றார் ஹாஜியார். "அதுல குத்தம் ஒண்ணும் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "சரிதானே சார்? தார்ப்பாய் போட்டிருந்தா அதுவும் மாற்றம்தானே?"

ஆமாம் என்றால் ஒரு வயோதிகர் இனி நிம்மதியாகத் தொழுவார். இல்லை என்றால், அனுமதி வரும்வரை சுவரை மூடிக் காப்பாற்ற முடியும் என்பது இவர்களுக்குத் தெரிய வரும். இரண்டையும் ஒரே பதிலில் தர முடியாது.

"இல்ல ஹாஜியார். மழைக்கு மூடுறது மாற்றத்துல வராது. அதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல."

"எங்க இருக்கு அது?"

"விதி பன்னிரண்டு, நாலாம் உட்பிரிவு."

"அப்பவும் இருந்துச்சா?"

"இருந்தது."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"அந்த மேசையிலதான் இருந்தேன். உங்க விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினதும் நான்தான். முத்தவல்லி கையெழுத்து போதும்னு எனக்குத் தெரியும். சொல்லல."

ஹாஜியார் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார். அந்தச் சொல்லில் என்னை மன்னித்ததற்கும் அடையாளம் இல்லை, மன்னிக்காததற்கும் இல்லை.

நான் அவசரமாகப் படிவத்தை எடுத்து வைத்தேன். இம்முறை பிழை இல்லை, நானே கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன், சுவரை மூடிவிட்டுக் காத்திருக்கலாம் என்றெல்லாம் சொன்னேன். மரியாதையோடு கேட்டார்கள். தாளை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஜன்னல் ஓரத்துக்காரர்தான் முடித்து வைத்தார்.

"சார் நல்லவரு. வந்து ஒத்துக்கிட்டாரு. ஆனா அந்த மேசைல இப்ப வேற ஒரு சார் இருப்பாருல்லா."

இதற்கு எந்த விதியின் கீழும் மறுப்பு எழுத முடியாது. கை தூக்கச் சொன்னார்கள். இடிக்க ஏழு, வைத்துக்கொள்ள நான்கு. தலைவர் கை தூக்கவில்லை. மழை முடிந்து அக்டோபரில், இம்முறை யாரையும் கேட்காமல், வேலை ஆரம்பம். பழைய பள்ளிவாசலின் கல்லைக் கண்ட இடத்தில் போடும் வழக்கமில்லை என்பதால், சுவரின் கற்கள் புதிய கட்டிடத்தின் அஸ்திவாரத்தில் இறங்கும்.

மாலை 4.00

ஃபர்ஸானாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் சுவரருகே போனேன். அவளுக்குச் செய்தி முன்னமே வந்துவிட்டது. கண் சிவந்திருந்தது. வேலையை நிறுத்தவில்லை.

"சார், சும்மா நிக்காதீங்க. இந்த முனைய புடிங்க. ஸீரோ கல்லுல டச் ஆகணும்."

அளவு நாடாவின் நுனியை மிஹ்ராபின் மூலையில் வைத்து அழுத்திப் பிடித்தேன். அவள் எண்களைச் சொல்லிச் சொல்லி எழுதினாள். என் காலத்தில் எத்தனையோ வரைபடங்களில் அளவு பொருந்தவில்லை என்று சுழித்திருக்கிறேன். அளவு நாடாவைக் கையில் பிடித்தது அன்றுதான். கல் குளிர்ச்சியாக இருந்தது.

"வளைவுல பதிமூணு கல்லு" என்றாள். "நம்பர் போட்டு வைக்கேன். புதுசுல இமாம் நிக்கிற ஜகால வைக்கச் சொல்லி ஹாஜியார்ட்ட கேக்கணும்."

அப்படி இடம் மாற்றி வைத்த வளைவு எந்தப் பட்டியலிலும் சேராது, புராதனம் என்ற தகுதியை இழந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. என் வாழ்வில் ஒரு விதியைச் சொல்லாமல் இருந்ததற்காக நான் வருந்தாத இடம் அது ஒன்றுதான்.

அசர் தொழுகைக்கு முன்பு வாசலில் சத்தம். ஹாஜியார் வந்தார். அவர் பின்னால் பட்டறை ஆட்கள் இரண்டு பேர், தோளில் புத்தம் புதிய நீலத் தார்ப்பாய். ஏணியைச் சுவரில் சாத்தச் சொல்லி, அதன் காலைத் தானே பிடித்துக்கொண்டார். ஆட்கள் ஏறினார்கள். தகரத்தின் விளிம்பில் ஒரு பக்கத்தைக் கட்டி, இரண்டடி இடைவெளியை மூடி, சுவரின் தலைக்கு அப்பால் இழுத்துவிட்டார்கள். கல்லில் ஆணி அடிக்க வேண்டாம் என்று கீழேயிருந்து இரண்டு முறை சொன்னார்.

அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்டோபர்ல எடுக்கப்போற சுவர்தானே ஹாஜியார்?"

ஏணியிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொன்னார்.

"ஆமா. இது போன தடவ போட வேண்டிய தார்ப்பாய் சார்."

அன்று அவர் தூணுக்கு முன்னால் நின்று தொழுதார் என்று எழுத ஆசைதான். அவர் வழக்கமான இடத்துக்கே போனார்.

சனி, முற்பகல்

மைதீன் பாய் முனையம்வரை வந்தார். தன் பட்டறையிலிருந்து கொண்டுவந்த நான்கு தோல் பைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தினார். நான் மறுத்ததை என் நேர்மை என்று எடுத்துக்கொண்டார். உண்மையில், அதற்குத் தகுதியான எதையும் நான் செய்யவில்லை என்ற கணக்கில்தான். வண்டி கிளம்பும்போது, "ஒங்க மேல வருத்தம் இல்ல சார்" என்றார். கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்து, "கொஞ்சம் இருக்கு" என்று திருத்தினார்.

கோவையில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் எல்லாம் முறைப்படி நடக்கிறது. கட்டிடத்துக்கு வயது ஒன்பது. ஒழுகினால் மறுநாளே ஆள் வருவான், படிவம் பிறகு வரும். செயலாளர் நான்தான். ஒன்பது வயதுக் கட்டிடத்துக்கு இவ்வளவு அவசரம் காட்டுகிறவன், அத்தனை நூற்றாண்டுகள் நின்ற ஒன்றை முகவரிச் சான்று கேட்டு மழையில் நிறுத்தினேன். கோவைக்கு வந்து சேரும்வரை ஜன்னலோர இருக்கையில் இதைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததாக நினைவில்லை. எனவே வழியில் உள்ள ஊர்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

போக விரும்புகிறவர்கள் அக்டோபருக்குள் போய்விட வேண்டும். மாஹிம் நிலையத்தில் கிழக்குப் பக்கம் இறங்கி, பதினைந்து நிமிட நடை. தோல் பட்டறைகள் வரும். அங்கே பழைய கல் பள்ளி என்று தமிழிலேயே கேட்கலாம். மழையாக இருந்தால் தரை வழுக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மேற்குச் சுவரின் நடுவில், விளக்கின் அடியில் குனிந்து அந்தச் சின்னப் பூவைப் பாருங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.